விலை மலிவான புல்வெட்டும் இயந்திரம் வாங்கலாமா?

மழை விட்டுப் பத்து நாள் ஆனால் போதும், வரப்புப் புல் முழங்கால் உயரம் வந்துவிடுகிறது. தென்னந்தோப்பில் விழுந்த நெற்று கண்ணில் படுவதில்லை. வாய்க்கால் கரை மூடிக்கொண்டு, தண்ணீர் எங்கே உடைத்துக்கொண்டு போகிறது என்றே தெரிவதில்லை. முன்பெல்லாம் நாலு பேர் அரிவாளோடு இறங்கினால் இரண்டு நாளில் முடிந்த வேலை இது. இப்போது அந்த நாலு பேரைத் தேடிப் பிடிப்பதற்கே இரண்டு நாள் ஆகிறது. ஆள் கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாவதில்லை.

இதனால்தான் தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டும் சிறிய பெட்ரோல் இயந்திரம் இன்று கிராமத்துக்குக் கிராமம் வந்துவிட்டது. கடையில் இதை 'பிரஷ் கட்டர்' என்பார்கள். நம் ஊரில் 'புல் வெட்டுற மிஷின்' என்றால் எல்லோருக்கும் தெரியும். ஒரு நீளக் குழாய், அதன் ஒரு முனையில் என்ஜின், மறுமுனையில் சுழலும் பிளேடு அல்லது நைலான் நரம்பு, அவ்வளவுதான் இயந்திரம். ஆனால் விலையைக் கேட்டால்தான் குழப்பம். ஒரு கடையில் பத்தாயிரம் ரூபாய்க்கு உள்ளேயே கிடைக்கிறது. அடுத்த கடையில் அதே போலத் தோன்றும் ஒன்றுக்கு முப்பதாயிரம் கேட்கிறார்கள். "இரண்டும் புல்தானே வெட்டுகிறது, எதற்கு மூன்று மடங்கு விலை?" என்று விவசாயிகள் கேட்பதில் நியாயம் உண்டு.

மலிவான இயந்திரம் என்றாலே மோசம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. விலை உயர்ந்தது எல்லோருக்கும் ஏற்றது என்றும் சொல்ல முடியாது. ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் உங்களுக்கு வேலை இருக்கிறது என்பதே இதைத் தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கைப் போடாமல் கடைக்குப் போகிறவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள்.

இரண்டு வகை என்ஜின்

மலிவு விலையில் வருபவை பெரும்பாலும் 'டூ ஸ்ட்ரோக்' என்ஜின் கொண்டவை. பழைய மொபெட்டுகளில் இருந்தது போன்ற என்ஜின். இதற்குத் தனியாக ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோலிலேயே டூ-டி ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். உறுப்புகள் குறைவு, எடைக்கு ஏற்ற வேகம் அதிகம், உள்ளூர் மெக்கானிக்கே பிரித்துப் பூட்டிவிடுவார். இவை இதன் நல்ல குணங்கள். குறை என்னவென்றால், உள்ளே போகும் பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு வெளியே போய்விடும். அதனால் பெட்ரோல் செலவு கூடுதல்.

விலை உயர்ந்தவற்றில் 'ஃபோர் ஸ்ட்ரோக்' என்ஜின் இருக்கும். இன்றைய மோட்டார் சைக்கிளில் உள்ளது இதே வகை. பெட்ரோல் தனி, ஆயில் தனி. ஹோண்டா நிறுவனத்தின் ஜிஎக்ஸ்35 என்ற என்ஜினை எடுத்துக்கொண்டால், அதன் கொள்ளளவு 35.8 சி.சி., திறன் சுமார் 1.3 குதிரை சக்தி, அதற்குத் தேவையான ஆயில் 100 மில்லிதான். பல கம்பெனிகள் இதே அளவில் என்ஜின் செய்கின்றன. ஆயிலை முதல் 10 மணி நேரத்தில் ஒரு முறையும், பிறகு 50 மணி நேரத்துக்கு ஒரு முறையும் மாற்ற வேண்டும்.

கடைக்காரர் "அது 35 சி.சி., இது 52 சி.சி., விலையோ மூன்றில் ஒரு பங்கு" என்று சொல்வார். சொல்வது பொய்யல்ல. முரட்டுப் புதர், கருவேலங்கன்று ஆகியவற்றை வெட்ட 52 சி.சி. டூ ஸ்ட்ரோக் வேகமாகவே வேலை செய்யும். ஆனால் நம் வேலையில் பெரும்பகுதி வரப்புப் புல்லும் தோப்புப் புல்லும்தான். அதற்கு 35 சி.சி. தாராளமாகப் போதும்.

சி.சி. அளவிலும் ஒரு சங்கதி இருக்கிறது. என்ஜின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 52 என்று போட்டிருப்பதை மட்டும் நம்பக் கூடாது. சீனத் தயாரிப்பு என்ஜின்கள் பலவற்றில் உலோகத்திலேயே ஓர் எண் பொறித்திருக்கும். 1இ44எஃப் என்று இருந்தால் சிலிண்டரின் உள்விட்டம் 44 மி.மீ. என்று பொருள், அது ஏறக்குறைய 52 சி.சி. வரும். 1இ40எஃப் என்று இருந்தால் உள்விட்டம் 40 மி.மீ.தான், அது 43 சி.சி.க்கு மேல் போகாது. இரண்டின் மேலும் ஒரே ஸ்டிக்கரை ஒட்டி விற்கும் கடைகள் உண்டு. அதே போல '4 எச்.பி.', '5 எச்.பி.' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதையும் பொருட்படுத்த வேண்டாம். இந்த வகை 52 சி.சி. என்ஜின் கொடுப்பது சுமார் இரண்டு குதிரை சக்திதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

கீழே வரும் தொகைகள் ஒரு மாதிரிக்குத்தான். உங்கள் ஊர் வாடகையையும் கடை விலையையும் போட்டு நீங்களே திருத்திக்கொள்ள வேண்டும்.

மலிவு இயந்திரம் 9,000 ரூபாய், நல்ல இயந்திரம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது மூன்று ஆண்டும், இரண்டாவது ஆறு ஆண்டும் உழைப்பதாகக் கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். டூ ஸ்ட்ரோக் மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கும், மற்றது முக்கால் லிட்டருக்கும் சற்றுக் குறைவாக, 700 மில்லி குடிக்கும். இயந்திரத்தோடு ஆள் வந்து, பெட்ரோலும் அவரே போட்டு, ஆறு மணி நேரம் வெட்டிக் கொடுக்க நாள் வாடகை 1,200 ரூபாய்.

ஒரு ஏக்கர் தென்னையும் ஒரு ஏக்கர் நஞ்சையும் உள்ள விவசாயி, ஆண்டுக்கு மூன்று முறை தோப்பையும் வரப்பையும் வெட்டினால் ஏறக்குறைய 40 மணி நேர வேலை. வாடகைக்கு விட்டால் ஏழு நாள், 8,400 ரூபாய். மலிவு இயந்திரம் வாங்கினால், ஆண்டுக்குத் தேய்மானம் 3,000, பெட்ரோல் 4,000, டூ-டி ஆயில் 560, நைலான், பிளக், சில்லறை ரிப்பேர் 1,500, ஆக 9,060 ரூபாய். நல்ல இயந்திரமானால் தேய்மானம் 5,000, பெட்ரோல் 2,800, ஆயில் 100, ரிப்பேர் 1,000, ஆக 8,900 ரூபாய்.

பார்த்தீர்களா, மூன்றும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன! வாங்கும்போது 21,000 ரூபாய் வித்தியாசம். ஆண்டுச் செலவில் அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. காரணம் பெட்ரோல். மலிவு இயந்திரம் வாங்குகிறவர் மிச்சம் பிடித்த பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்ரோல் பங்க்கில் கொடுத்து வருகிறார்.

வேலை 100 மணி நேரமானால் கணக்கு வேறு. வாடகைக்கு 17 நாள், 20,400 ரூபாய். மலிவு இயந்திரம் அந்த உழைப்புக்கு இரண்டு ஆண்டு தாங்கினால் அதிகம். தேய்மானம் 4,500, பெட்ரோல் 10,000, ஆயில் 1,400, ரிப்பேர் 3,000, மொத்தம் 18,900. நல்ல இயந்திரத்துக்குத் தேய்மானம் 5,000, பெட்ரோல் 7,000, ஆயில் 200, ரிப்பேர் 2,000, மொத்தம் 14,200. ஆண்டுக்கு 4,700 ரூபாய் மிச்சம். தனக்கும் வெட்டி, அக்கம்பக்கத்திலும் வாடகைக்குப் போகிறவர் மலிவு இயந்திரத்தைத் தொடவே கூடாது.

நேர்மாறாக, அரை ஏக்கர் நிலமும் ஆண்டுக்கு 15 மணி நேர வேலையும் உள்ளவருக்கு வாடகை மூன்று நாள், 3,600 ரூபாய். மலிவு இயந்திரம் வாங்கினாலும் ஆண்டுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். இவர் எந்த இயந்திரமும் வாங்காமல் இருப்பதே லாபம். சும்மா கிடக்கும் இயந்திரம் கெட்டுப் போவது இன்னொரு செலவு.

இந்தக் கணக்கில் இரண்டு விஷயம் மறைந்திருக்கிறது. ஒன்று, வாடகைத் தொகையில் ஓட்டுகிறவர் கூலியும் அடக்கம். சொந்த இயந்திரம் என்றால் நீங்களோ உங்கள் மகனோ தோளில் மாட்டி ஓட்டினால்தான் மேலே சொன்ன தொகை. கூலிக்கு ஆள் வைத்து ஓட்டினால் அந்தக் கூலியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அப்போது 100 மணி நேரத்துக்குக்கூட வாடகையே தேவலாம் என்று ஆகலாம். மற்றொன்று வட்டி. 30,000 ரூபாயைக் கையிலிருந்து போட்டால் சரி. நகையை வைத்து 12 சதவீத வட்டிக்கு வாங்கினால் முதல் ஆண்டு வட்டி மட்டும் 3,600 ரூபாய். 40 மணி நேர விவசாயிக்கு நல்ல இயந்திரம் கடன் வாங்கி வாங்கும் அளவுக்கு முக்கியமல்ல. அவரிடம் 9,000 கையில் இருந்து, வாடகை ஆள் நேரத்துக்கு வராத ஊராகவும் இருந்தால், மலிவு இயந்திரம் வாங்குவதில் தவறே இல்லை. களை பூப்பதற்கு முன் வெட்ட வேண்டும். பார்த்தீனியம் பூத்து விதை கொட்டிய பிறகு வந்து வெட்டுகிற வாடகை ஆளால் என்ன பயன்?

ஆக, ஆண்டுக்கு முப்பது மணி முதல் அறுபது மணி வரை வேலை, சொந்தக் கையால் ஓட்டுதல், உதிரி பாகம் கிடைக்கும் கடை பக்கத்து டவுனில் இருத்தல், இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் மலிவு இயந்திரம் பொருந்தும்.

ஆறு சாமான் இலவசம்!

மலிவு இயந்திரத்தோடு களைக்கொத்தி, மண் கிளறும் சக்கரம், கிளை அறுக்கும் ரம்பம் என்று ஐந்தாறு சாமான்களைச் சேர்த்துத் தருகிறார்கள். "ஒரே மிஷின், ஆறு வேலை" என்ற விளம்பரத்தைப் பார்த்து மயங்காதவர் குறைவு. நானும் மயங்கியவன்தான்.

களிமண் கலந்த என் கத்தரித் தோட்டத்தில் மண் கிளறும் சக்கரத்தை மாட்டி ஓட்டினேன். முதல் பாரில் நன்றாகத்தான் கிளறியது. மூன்றாவது பாரில் ஏதோ தீயும் வாடை வந்தது. ஐந்தாவது பாரில் என்ஜின் கத்துகிறது, சக்கரம் சுற்றவில்லை. மெக்கானிக் பிரித்துக் காட்டினார். கிளட்ச் கட்டைகள் கருகி, கிளட்ச் கிண்ணம் நீலம் பாய்ந்திருந்தது. வாங்கிய விலையில் ஐந்தில் ஒரு பங்கு அன்றைக்கே போயிற்று.

இதில் இயந்திரத்தின் பேரில் குற்றம் சொல்ல முடியாது. புல் வெட்டும்போது பிளேடு காற்றில் வேகமாகச் சுழல்கிறது. புல் படும் நொடியில் மட்டும் பாரம் வருகிறது. மண்ணைக் கிளறும்போது பாரம் விடாமல் இருக்கிறது. வேகம் குறைகிறது. இந்த இயந்திரத்தின் கிளட்ச் வேகத்தால் விரிந்து பிடிக்கும் வகை. வேகம் குறைந்தால் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கும், வழுக்கினால் சூடேறும். என்ஜினைக் குளிர்விக்கும் விசிறியும் என்ஜின் வேகத்தில்தான் சுழல்கிறது. வேகம் குறைந்தால் குளிர்ச்சியும் குறைகிறது. இரண்டும் சேர்ந்தால் எந்தக் கம்பெனி இயந்திரமும் தாங்காது. ஈரப்பதமுள்ள மணல்சாரி நிலத்தில் மேலோட்டமாக இரண்டு விரற்கடை கிளறுவதானால் மாட்டிப் பார்க்கலாம். களிமண், கரிசல், காய்ந்த செம்மண் எதற்கும் வேண்டாம். வரிசைப் பயிரில் களை எடுக்க, சக்கரமும் கியர் பெட்டியும் தனியே உள்ள 'பவர் வீடர்' வேறு இயந்திரம். அதன் வேலையை இதனிடம் கேட்கக் கூடாது.

புல்வெட்டும் இயந்திரம் களையை வெட்டுமே தவிர அழிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோரைக்கு மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறது, அறுகுக்கு வேர்த்தண்டு ஓடுகிறது. மேலே சிரைத்தால் இரண்டு வாரத்தில் மறுபடி தலைதூக்கும். ஆண்டுக்கு ஆண்டு விதை விழாமல் பார்த்துக்கொள்வதும், நடக்க வழி கிடைப்பதும், வெட்டிய புல் தென்னைப் பாத்தியில் மூடாக்காகக் கிடந்து ஈரம் காப்பதும்தான் இதன் பலன். அந்தப் பலன் சின்னதல்ல.

கடையில் என்ன பார்ப்பது?

கைப்பேசியில் படம் பார்த்துத் தபாலில் வரவழைப்பதைவிட, இருநூறு முந்நூறு ரூபாய் கூட இருந்தாலும் பக்கத்து டவுன் கடையில் நேரில் வாங்குவதே மேல். காரணம், கடையில் ஓட்டிப் பார்க்கலாம்.

கடைக்காரரை, சூடாகாத என்ஜினை உங்கள் கண்முன் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஐந்தாறு இழுப்பில் பிடிக்க வேண்டும். பிடித்ததும் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டால் பிளேடு நிற்க வேண்டும். சும்மா ஓடும்போதே பிளேடு சுற்றிக்கொண்டிருந்தால் கார்புரேட்டர் ஸ்குரூவைச் சரி செய்யச் சொல்ல வேண்டும். அதற்கும் நிற்காவிட்டால் கிளட்ச்சில் கோளாறு, அந்த இயந்திரம் வேண்டாம். என்ஜினை நிறுத்திய பிறகு பிளேடைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். புதிய இயந்திரத்தில் ஆட்டம் இருக்கக் கூடாது. ஆட்டம் இருந்தால் கியர் பெட்டியின் பேரிங் தரமில்லை.

அடுத்து, "இதற்குக் கார்புரேட்டர் டயாஃப்ரம், இக்னிஷன் காயில், கிளட்ச், ஸ்டார்ட்டர் கயிறு இருக்கிறதா?" என்று கேளுங்கள். இருக்கிறது என்று வாயால் சொன்னால் போதாது, அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். இந்த மலிவு இயந்திரங்களில் முதலில் போவது இந்த நாலும்தான். பெரும்பாலான சீனத் தயாரிப்புகள் ஒரே அளவில் வருவதால் ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்துவது உண்டு. குழாய் விட்டம் 26 மி.மீ. வகையா 28 மி.மீ. வகையா, உள்ளே இருக்கும் ஷாஃப்ட்டின் முனையில் எத்தனை பல் என்பதை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டால், கம்பெனி காணாமல் போனாலும் கியர் தலை வாங்கிப் பூட்டிக்கொள்ளலாம்.

பில் வாங்காமல் வரக் கூடாது. 'பில் இல்லாமல் ஐந்நூறு ரூபாய் குறைவு' என்பது, கெட்டுப் போனால் உங்களைத் தெரியாது என்பதற்கான முன்னறிவிப்பு.

மலிவு இயந்திரத்தை நீடிக்க வைக்கலாம்

ஓர் எச்சரிக்கை. வீட்டில் இரண்டு கேன் இருந்தால் கலந்த பெட்ரோல் எது, கலக்காதது எது என்று பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். எங்கள் பங்காளி வீட்டில், பள்ளிக்கூட லீவில் வந்த பையன் உதவி செய்கிறேன் என்று மோட்டார் சைக்கிளுக்கு வைத்திருந்த வெறும் பெட்ரோலை டூ ஸ்ட்ரோக் இயந்திரத்தில் ஊற்றி ஓட்டினான். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டது. பையன் மேல் தப்பில்லை. கேன் மேல் எதுவும் எழுதவில்லை. ஓர் இயந்திரத்தை நாலு வீட்டார் சேர்ந்து வாங்குவது நல்ல யோசனைதான், ஆனால் கை மாறும் இயந்திரத்துக்கு டூ ஸ்ட்ரோக் ஆகாது என்பது என் கருத்து. கலப்பதை யாராவது ஒருவர் மறந்தால் நாலு வீட்டுப் பணமும் போய்விடும்.

கலக்கும் அளவு இயந்திரத்தோடு வரும் புத்தகத்தில் இருக்கும். 25-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி ஆயில். 50-க்கு 1 என்றால் 20 மில்லி. மலிவு இயந்திரங்களுக்குப் பெரும்பாலும் 25-க்கு 1 என்றே போட்டிருக்கும். குத்துமதிப்பாக ஊற்றக் கூடாது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசி போடாத சிரிஞ்ச் அளவுக்கு வசதியானது. ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடிக்கும். அதிகமானால் பிளக் கரி படிந்து அடிக்கடி நிற்கும். மோட்டார் சைக்கிளின் ஃபோர் ஸ்ட்ரோக் ஆயிலை இதில் கலப்பதும் தவறு.

முதல் பத்து மணி நேரம் முழு வேகத்தில் விரட்டாமல் ஓட்ட வேண்டும். ஒரு தொட்டி பெட்ரோல் தீர்ந்ததும் பத்து நிமிஷம் நிறுத்தி ஆறவிடுவது நல்லது. காற்று வடிகட்டியின் ஸ்பாஞ்சை ஒவ்வொரு நாள் வேலைக்குப் பிறகும் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து மாட்டுங்கள். தூசி உள்ளே போனால் பிஸ்டன் வளையம் தேய்ந்துவிடும். கியர் தலையில் ஒரு சிறு திருகு இருக்கும். அதைக் கழற்றி 25 மணி நேரத்துக்கு ஒரு தடவை கிரீஸ் அடைக்க வேண்டும். இது பலருக்குத் தெரிவதே இல்லை. கிரீஸ் இல்லாமல் கியர் தேய்ந்து போன இயந்திரத்தைத்தான் "மட்டமான மிஷின்" என்று திட்டிக்கொண்டு மூலையில் போடுகிறார்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல் பற்றியும் சொல்ல வேண்டும். 2025-ஆம் ஆண்டில் நம் நாட்டில் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலக்கும் நிலை வந்துவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. நாள்பட்டால் தண்ணீர் தொட்டியின் அடியில் தங்கும். மலிவு ரப்பர் குழாயும் டயாஃப்ரமும் விறைத்தும் உப்பியும் போகும். "போன மழைக்கு நன்றாக ஓடியது, இப்போது ஸ்டார்ட் ஆகவில்லை" என்ற புகார்களில் பெரும்பாலானவை இதனால்தான். பரிகாரம் சுலபம். ஒரு மாதத்துக்கு மேல் எடுக்க வேலை இல்லை என்றால் தொட்டியைக் காலி செய்து, என்ஜினைத் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, பிறகு மாட்டி வையுங்கள். கலந்த பெட்ரோலை அன்றன்றைக்குத் தேவையான அளவே கலப்பது உத்தமம்.

கண்ணும் விரலும்

சிறு கல் ஒன்று பிளேடில் பட்டால் துப்பாக்கி ரவை போலப் பறக்கும். கண்ணாடி போடாமல் இந்த இயந்திரத்தைத் தொடவே கூடாது. சாதாரணக் கூலிங் கிளாஸ் போதாது. பக்கவாட்டிலும் மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடியோ முகத்தை மறைக்கும் வலைத் தடுப்போ வேண்டும். நூறு இருநூறு ரூபாயில் கிடைக்கிறது. காலுக்கு முழுக்கால் சட்டையும் கனமான பூட்ஸும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செருப்புக் காலோடு ஓட்டுவதைப் பல ஊர்களில் பார்க்கிறேன், மனம் பதைக்கிறது. சுற்றி 15 மீட்டருக்குள் ஆளோ ஆடு மாடோ நிற்கக் கூடாது. பின்னால் வந்து தோளைத் தொட்டுக் கூப்பிடக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். திரும்பும்போது பிளேடும் சேர்ந்து திரும்பும்.

மேலிருந்து பார்த்தால் பிளேடு பெரும்பாலான இயந்திரங்களில் இடப்பக்கமாகச் சுழலும். ஆகையால் வலமிருந்து இடமாக வீசி வெட்ட வேண்டும். வெட்டிய புல் இடப்புறம் வரிசையாக விழும். பிளேடின் முன்புறம் வலது பக்கம் கட்டையிலோ கல்லிலோ பட்டால் இயந்திரம் உதைத்து வலப்பக்கம் தள்ளும். அந்தப் பக்கத்தால் புதரை வெட்ட முயலக் கூடாது.

நைலான் நரம்பு தீர்ந்துவிட்டது என்று இரும்புக் கம்பியோ சைக்கிள் பிரேக் கம்பியோ மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அறுந்த துண்டு எங்கே போய்க் குத்தும் என்று சொல்ல முடியாது. இதை ஒருபோதும் செய்யாதீர்கள். மட்டையின் மேல் உள்ள தடுப்பைக் கழற்றி வைப்பதும் அப்படித்தான்.

மாட்டுக்குப் போடுகிற புல்லை நைலான் நரம்பால் வெட்ட வேண்டாம். நரம்பு தேய்ந்து உடையும் துண்டுகள் புல்லோடு மாட்டின் வயிற்றுக்குள் போகும். தீவனப் புல்லுக்குப் பிளேடுதான் ஏற்றது. அதே நைலான் இளந்தென்னை, மாங்கன்று ஆகியவற்றின் அடிப்பட்டையை ஒரு சுற்றில் உரித்துவிடும் என்பதால் கன்றைச் சுற்றி ஒரு முழம் அரிவாளுக்கே விட்டுவிடுங்கள்.

அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை கைகளை விட்டு ஓய்வெடுங்கள். மலிவு இயந்திரங்களில் அதிர்வு கூடுதல். விடாமல் ஓட்டி வந்தால் விரல் நுனி மரத்து, வெளுத்துப் போகும். அது பல ஆண்டு தொடர்ந்தால் விரலில் உணர்ச்சி திரும்ப வராது. காதில் பஞ்சாவது அடைத்துக்கொள்ளலாம் என்பார்கள். பஞ்சு போதாது, கடையில் விற்கும் காது அடைப்பான் வாங்குங்கள்.

மானியம் உண்டா?

வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் என்ற மத்திய அரசுத் திட்டம் 2014-15 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி சிறு, குறு விவசாயிகளுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மகளிருக்கும் 50 சதவீதம் வரையிலும், மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரையிலும் கருவிகளுக்கு மானியம், ஒவ்வொரு கருவிக்கும் ஓர் உச்சவரம்போடு, வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இதை வேளாண்மைப் பொறியியல் துறை கவனிக்கிறது. இந்த ஆண்டு உங்கள் வட்டாரத்தில் எந்தக் கருவிக்கு ஒதுக்கீடு இருக்கிறது என்பதைத் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். உழவன் செயலியிலும் பார்க்கலாம். வட்டாட்சியரிடம் சிறு, குறு விவசாயி சான்று வாங்கி வைத்திருந்தால் அலைச்சல் குறையும்.

ஒன்றை மறக்க வேண்டாம். முதலில் இயந்திரத்தை வாங்கிவிட்டுப் பிறகு பில்லோடு போய் மானியம் கேட்டால் கிடைக்காது. விண்ணப்பம் முதலில், அனுமதி பிறகு, வாங்குவது கடைசியில். அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள மாடல்களுக்கே மானியம் என்பதால், பெயர் தெரியாத மலிவு இயந்திரங்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தாது. பட்டியலுக்கு வரும் இயந்திரங்கள் மத்தியப் பிரதேசத்தில் உள்ள புத்னி, ஆந்திராவில் அனந்தப்பூர் அருகே உள்ள கார்லதின்னே போன்ற இடங்களின் அரசுச் சோதனை நிலையங்களில் ஓட்டிப் பார்க்கப்படுகின்றன.

மேலே போட்ட கணக்கில் 30,000 ரூபாய் இயந்திரத்துக்குப் பாதி மானியம் கிடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையிலிருந்து 15,000. தேய்மானம் ஆண்டுக்கு 2,500 ஆகக் குறையும். 40 மணி நேர விவசாயிக்கு மொத்தச் செலவு 6,400-தான். வாடகையைவிட 2,000 ரூபாய் குறைவு, மலிவு இயந்திரத்தைவிட 2,660 குறைவு. ஆகவே இந்தப் பருவத்துக்கு வாடகை ஆளை வைத்துச் சமாளித்துக்கொண்டு, விண்ணப்பம் கொடுத்துக் காத்திருக்க முடிந்தவர்கள் காத்திருக்கலாம். காத்திருக்க முடியாதவர்கள் கடைக்குப் போகும்போது, பாதுகாப்புக் கண்ணாடிக்கும் காது அடைப்பானுக்கும் சேர்த்துப் பணம் கொண்டு போங்கள்.